ஒரு மாற்றமா, ஐந்து மாற்றங்களா?
அரிவாள் செல் மரபணுவின் வழியே சடுதி மாற்றத்தையும் மறுசேர்க்கையையும் பிரித்தறிதல்

1. ஒரே தரவு, இரண்டு வாசிப்புகள்

1984இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் சில வார இடைவெளியில் இரண்டு கட்டுரைகள் வெளியாயின. இரண்டும் அரிவாள் செல் சோகைக்குக் காரணமான மரபணுவைப் பற்றியவை. ஆப்பிரிக்காவிலும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களிடத்திலும் அந்த மரபணுவைச் சுற்றியுள்ள டிஎன்ஏ பகுதி ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் வேறுபடுவதை இரண்டும் காட்டின. முடிவில்தான் பிரிந்தன. பாரிஸின் ஜோசே பன்யே, டொமினிக் லபி, நியூயார்க்கின் ரொனால்ட் நேகல் ஆகியோர் அடங்கிய குழு, இந்த நோய் மாற்றம் ஆப்பிரிக்காவில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தனித்தனியே தோன்றியது என்றது. பால்டிமோரில் இயங்கிய ஸ்டைலியனோஸ் அன்டோனராக்கிஸ், ஹேக் கசாசியன் குழு, திரும்பத் திரும்ப நிகழ்ந்த சடுதி மாற்றமா, மரபணு மாற்றீடு எனப்படும் மறுசேர்க்கை வகையா, அல்லது இரண்டுமா என்ற கேள்வியைத் தலைப்பிலேயே திறந்து வைத்தது.

அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு முதல் விடையே பாடநூல்களில் நிலைத்தது. செனகல், பெனின், பாண்டு, கேமரூன், அரபு–இந்திய வகை என்று ஐந்து மூலங்கள் பட்டியலிடப்பட்டன. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, மூலம் ஒன்றுதான் என்று சொல்லி அந்தப் பட்டியலை அசைத்தது.

சடுதி மாற்றம் வேறு, மறுசேர்க்கை வேறு என்பது பள்ளிப் பாடம். ஆனால் கண்முன் உள்ள ஒரு டிஎன்ஏ துண்டைப் பார்த்து, இதில் நடந்தது எது என்று சொல்லவேண்டி வரும்போது அந்தப் பாடம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? அரிவாள் செல் மரபணுவின் கதையை வைத்து இதைப் பரிசீலிக்கலாம். என் வாதம் இதுதான்: இரண்டுக்குமான வேறுபாடு உண்மையானது, ஆனால் அது விளைவில் இல்லை, நிகழ்வில் இருக்கிறது. விளைவை மட்டும் பார்த்து நிகழ்வை ஊகிக்கும்போது தவறான பக்கம் சாய்வது எளிது.

2. வேறுபாடு எங்கே இருக்கிறது

சடுதி மாற்றத்தில் டிஎன்ஏவின் கார வரிசையே மாறுகிறது. அரிவாள் செல் சோகையில், ஹீமோகுளோபினின் பீட்டா குளோபின் சங்கிலியின் ஆறாவது அமினோ அமிலத்துக்கான ஜிஏஜி என்னும் கோடான் ஜிடிஜி ஆகியிருக்கிறது. குளூட்டாமிக் அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் வேலின் வந்து சேர்கிறது. புரதத்தில் நேர்ந்த இந்த ஒற்றை மாற்றத்தை 1956–57இல் கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்ரம் கண்டறிந்தார். ஆக்சிஜன் குறையும்போது இந்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நீண்ட இழைகளாகக் கோத்துக்கொண்டு, சிவப்பணுவை அரிவாள்போல் வளைத்துவிடுகின்றன.

மறுசேர்க்கையில் கார வரிசை பொதுவாக மாறுவதில்லை; எது எதனோடு சேர்ந்து அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்பதுதான் மாறுகிறது. விந்தணுவும் கருமுட்டையும் உருவாகும் குன்றல் பிரிவின் முதல் கட்டத்தில், தாய்வழி வந்த குரோமோசோமும் தந்தைவழி வந்த அதன் இணையும் நெருங்கி வரிசையாக ஒட்டி நின்று, சில இடங்களில் துண்டுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. இதுவே குறுக்கேற்றம். குரோமோசோம்கள் முழுதாக, ஒன்றையொன்று சாராமல் பிரிந்து செல்வதாலும் புதிய சேர்க்கைகள் உண்டாகின்றன. இங்கே நாம் பெரும்பாலும் குறுக்கேற்றத்தோடு நிற்போம்.

வகுப்பறையில் இதற்குச் சொல்லப்படும் உவமை சீட்டுக்கட்டு. மறுசேர்க்கை சீட்டைக் கலைத்துப் போடுகிறது, சடுதி மாற்றம் புதிய சீட்டை அச்சடிக்கிறது என்பார்கள். தொடக்கத்துக்கு நல்ல உவமைதான். ஆனால் குறுக்கேற்றம் இரண்டு சீட்டுகளுக்கு நடுவே மட்டும் வெட்டும் என்று எந்த விதியும் இல்லை. சீட்டின் நடுவிலேயே வெட்டி, ஒன்றின் மேற்பாதியை மற்றதன் கீழ்ப்பாதியோடு அது ஒட்டிவிடலாம். அப்போது கையில் இருப்பது பழைய சீட்டா, புதிய சீட்டா? உவமை இதற்குப் பதில் சொல்லாது.

அளவுகோலாகக் கொள்ளத் தகுந்தது வேறொன்று. பெற்றோர் இருவரிடமும் இல்லாத ஒரு காரம் குழந்தையிடம் இருந்தால் அது புதிய சடுதி மாற்றம். பெற்றோரின் மரபணுத்தொகுதியையும் குழந்தையினுடையதையும் ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். மறுசேர்க்கை அப்படித் தெரிவதில்லை. குழந்தையிடம் உள்ள ஒவ்வொரு காரமும் பெற்றோரில் ஒருவரிடம் இருக்கவே செய்யும். தாத்தா பாட்டியின் வரிசையோ உடன்பிறந்தோரின் வரிசையோ கையில் இருந்தால்தான், இந்தக் குரோமோசோமின் ஒரு பாதி தாத்தாவிடமிருந்தும் மறுபாதி பாட்டியிடமிருந்தும் வந்தது என்று சொல்லமுடியும். சடுதி மாற்றத்தைக் காண இரண்டு தலைமுறை போதும். மறுசேர்க்கையைக் காணக் குடும்பமே தேவை.

மனிதரில் இரண்டின் கணக்கும் இன்று நன்றாகத் தெரியும். ஒரு குழந்தை ஏறக்குறைய 60 முதல் 70 புதிய கார மாற்றங்களோடு பிறக்கிறது. இவற்றில் பெரும்பங்கு தந்தையிடமிருந்து வருகிறது. தந்தையின் வயது ஒவ்வோர் ஆண்டு கூடும்போதும் ஏறத்தாழ இரண்டு மாற்றங்கள் கூடுகின்றன என்று ஐஸ்லாந்தியக் குடும்பங்களை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. குறுக்கேற்றத்தில் நிலைமை தலைகீழ். ஒரு விந்தணுவில் சராசரியாக 26 என்றால் ஒரு கருமுட்டையில் 42 அளவில் இருக்கும். தந்தையின் குறுக்கேற்றங்கள் பருவம் எய்தியபின் வாழ்நாள் நெடுக நடப்பவை. தாயின் குறுக்கேற்றங்களோ, அவள் தன் தாயின் வயிற்றில் கருவாக இருந்தபோதே முடிந்துவிட்டவை.

இந்த எண்களைவிட முக்கியமானது, இரண்டும் நிகழும் விதம். சடுதி மாற்றம் டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதி செய்யும் பிழையாக இருக்கலாம்; சைட்டோசின் தானாகவே வேதிமாற்றம் அடைவதால் வரலாம்; கதிர்வீச்சால் வரலாம். எந்தச் செல்லிலும் எப்போதும் நேரலாம். செல் அதைத் தடுக்கப் பார்க்கிறது; திருத்தும் நொதிகள் பெரும்பாலான பிழைகளைக் களைந்துவிடுகின்றன; தப்பியவையே எஞ்சுகின்றன. குறுக்கேற்றம் செல் தானே ஏற்பாடு செய்யும் காரியம். எஸ்பிஓ11 என்ற புரதம் குன்றல் பிரிவின்போது டிஎன்ஏவின் இரு இழைகளையும் வேண்டுமென்றே வெட்டுகிறது. 1997இல் ஈஸ்ட்டில் இது உறுதியானது. மனிதரில் வெட்டு எங்கே விழவேண்டும் என்பதைப் பெரும்பாலும் பிஆர்டிஎம்9 என்ற இன்னொரு புரதம் தீர்மானிக்கிறது என்று 2010இல் தெரியவந்தது. விழும் வெட்டுகளில் சிறு பங்கே குறுக்கேற்றமாக முடிகிறது. மற்றவை இணைக் குரோமோசோமிலிருந்து ஒரு சிறு துண்டைப் படியெடுத்துத் தம் இடைவெளியை அடைத்துக்கொள்கின்றன. இதுவே மரபணு மாற்றீடு. பக்கத்துப் பகுதிகள் இடம் மாறாமல், ஓரிரு நூறு காரங்கள் மட்டும் மாறிப்போகும் இந்நிகழ்வு பின்னால் நமக்கு வேண்டியிருக்கும்.

வேறுபாட்டைப் பற்றிப் பேசும் பலரும், மறுசேர்க்கையின் பயன் பல்வகைமை என்று சொல்லி நின்றுவிடுகிறார்கள். அதைவிட உடனடியான பயன் ஒன்று உண்டு. குறுக்கேற்றம் நடந்த இடத்தில்தான் இணைக் குரோமோசோம்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடி இல்லாவிட்டால் அவை சரியாகப் பிரிந்து எதிரெதிர்த் துருவங்களுக்குப் போவதில்லை. டவுன் சின்ட்ரோமுக்குக் காரணமான 21ஆம் குரோமோசோம் மிகையின் பின்னணியில் குறுக்கேற்றக் குறைவும் ஒன்று. சடுதி மாற்றம் அறவே நின்றுபோனாலும் அடுத்த தலைமுறை பிறக்கும். மனிதரில் குறுக்கேற்றம் நின்றுபோனால் பிறக்காது.

3. பார் கண்: அண்டையைப் பார்த்து அறிதல்

விளைவை மட்டும் பார்த்து நிகழ்வை ஊகித்ததற்குப் பழைய உதாரணம், சடுதி மாற்றம் என்ற கருத்தைப் பரப்பிய ஹ்யூகோ டி விரிஸ். ஹாலந்தில் ஹில்வர்சும் அருகே 1886இல் அவர் கண்டெடுத்த ஈனோதீரா செடியில் திடீரென்று புதுவகைகள் தோன்றிக்கொண்டே இருந்தன. 1901–03இல் அவர் வெளியிட்ட பெருநூலுக்கு அடிப்படை அச்செடிதான். பிற்கால ஆய்வில், அவற்றில் பெரும்பாலானவை இன்றைய பொருளில் மரபணுச் சடுதி மாற்றங்களே இல்லை என்று ஆனது. பெருத்து வளர்ந்த ஜைகாஸ் வகை, குரோமோசோம் தொகுதி இரட்டித்ததால் வந்தது. வேறு சில, விசித்திரமாகப் பின்னிக் கிடந்த குரோமோசோம் தொகுதிகளில் எப்போதாவது நடந்த மறுசேர்க்கையால் வெளிப்பட்டவை. ஒரு கோட்பாடு பிழையான சான்றின்மேல் எழுந்து, சான்று சரிந்த பின்னும் நிற்பது அறிவியல் வரலாற்றில் அரிதன்று.

நமக்குக் கூடுதல் பயன் தருவது பழ ஈயின் பார் கண். கண் சுருங்கி ஒரு கோடுபோல் ஆகிவிடும் இந்தப் பண்பு 1914இல் பதிவாகியது. சார்ல்ஸ் ஜெலினி இந்த ஈக்களை வளர்த்தபோது, ஏறக்குறைய 1,600இல் ஒன்று இயல்பான கண்ணுக்குத் திரும்புவதைக் கண்டார். சடுதி மாற்றத்துக்கு இது மிக அதிகமான வேகம். 1925இல் ஆல்ஃபிரெட் ஸ்டர்டெவன்ட் எளிய, ஆனால் கூர்மையான ஒரு சோதனையை வைத்தார். பார் மரபணுவின் இடப்புறமும் வலப்புறமும் உள்ள இரண்டு அண்டை மரபணுக்களை அடையாளமாக எடுத்துக்கொண்டார். கண் இயல்புக்குத் திரும்பிய ஒவ்வொரு முறையும் இந்த இரண்டு அடையாளங்களும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து போயிருந்தன. அதாவது, அவற்றுக்கு நடுவே குறுக்கேற்றம் நடந்திருந்தது. இணைக் குரோமோசோம்கள் சரியாக வரிசை பொருந்தாமல் சற்று நழுவி நின்று பரிமாறிக்கொண்டதால், ஒன்றில் ஒரு படி குறைந்து இயல்பான கண்ணும், மற்றதில் ஒரு படி கூடி இன்னும் சுருங்கிய கண்ணும் வந்தன. பார் என்பது ஒரு குரோமோசோம் துண்டின் இரட்டிப்பு என்பதை 1936இல் பிரிட்ஜஸும் மல்லரும் நுண்ணோக்கியில் உறுதிசெய்தார்கள்.

அண்டையைப் பார்த்தால் நடந்தது எது என்று தெரியும் என்ற முறை இங்கே வென்றது. வென்றதற்குக் காரணம் உண்டு. ஸ்டர்டெவன்ட்டிடம் தாய் யார், தந்தை யார், சந்ததிகள் எவை என்ற முழுப் பதிவும் இருந்தது. பல நூறு தலைமுறைகளுக்கு முந்தைய நிகழ்வுக்கு அதே முறையைப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதே அரிவாள் செல் விவாதத்தின் மையம்.

4. ஐந்து மூலங்கள் என்ற முடிவு உருவான வழி

இந்தியாவில் அரிவாள் செல் பண்பு இருப்பது முதன்முதலாகப் பதிவானது 1952இல். ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரி மலைப் பழங்குடியினரிடம் இதைக் கண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இது கண்டறியப்பட்டது. அதுவரை ஆப்பிரிக்க இரத்தத்தின் அடையாளமாகவே இந்நோயைக் கருதிய மருத்துவ உலகுக்கு இது திகைப்பாக இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததா, இங்கேயே தோன்றியதா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. விடை சொல்லக் கருவி இல்லை.

கருவி 1978இல் கிடைத்தது. யூட் வாய் கானும் ஆந்த்ரே டோசியும் டிஎன்ஏவைக் குறிப்பிட்ட வரிசையில் மட்டும் வெட்டும் ஒரு ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதியைப் பயன்படுத்தினார்கள். சாதாரண பீட்டா குளோபின் மரபணு பெரும்பாலும் 7,600 காரம் நீளத் துண்டில் வந்தது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் அரிவாள் மரபணு பெரும்பாலும் 13,000 காரம் நீளத் துண்டில் வந்தது. மரபணுவுக்குச் சுமார் 5,000 காரம் தள்ளியிருந்த ஒரு வெட்டிடம் இல்லாமல் போனதே காரணம். நோய்க்கும் இந்த வெட்டிடத்துக்கும் தொடர்பில்லை. பக்கத்தில் இருப்பதால் கூடவே பயணம் செய்கிறது, அவ்வளவுதான். கருவிலேயே நோயறிய இது உதவியது. 1980இல் இருவரும் உலக அளவில் தேடியபோது, மேற்கு ஆப்பிரிக்காவில் அரிவாள் மரபணு நீண்ட துண்டோடும், கென்யா, சவூதி அரேபியா, இந்தியா ஆகிய இடங்களில் குறுகிய துண்டோடும் வருவதைக் கண்டார்கள். அண்டை வேறு என்றால் தோற்றமும் வேறாக இருக்கலாமே!

அதன்பின் ஒரு வெட்டிடத்துக்குப் பதில் பல வெட்டிடங்களைச் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் வந்தது. 11ஆம் குரோமோசோமில் சுமார் 60,000 காரம் நீளத்தில் அமைந்த பீட்டா குளோபின் குடும்பத்தில் எந்தெந்த வெட்டிடம் உண்டு, எது இல்லை என்ற வரிசை ஹேப்லோடைப் எனப்பட்டது. பன்யே குழு 1984இல் பெனின், செனகல், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு (பாண்டு வகை) என மூன்று பகுதிகளில் மூன்று வரிசைகளைக் கண்டது. 1986இல் ஆந்திரியாஸ் குலோசிக் குழு, கிழக்குச் சவூதியிலும் ஒடிசாவிலும் நான்காவதாக ஒரு பொது வரிசை இருப்பதைக் காட்டி, ஆசியாவில் தனித்தோற்றம் என்றது. 1989இல் லபி குழு இந்தியப் பழங்குடியினரிடம் இந்த ஒரே வரிசை மேலோங்குவதைக் காட்டியது. 1992இல் கேமரூன் ஐந்தாவதாகச் சேர்ந்தது.

இந்த வாதத்துக்கு உண்மையான வலு ஒன்று இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் ஒரே வரிசை ஏறக்குறைய முழு ஆதிக்கத்தோடு இருந்தது. மறுசேர்க்கை அடிக்கடி நடந்து கலைத்திருந்தால், ஒரு பகுதிக்குள்ளேயே பல வரிசைகள் சிதறிக் கிடந்திருக்க வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. கூடவே, சில வரிசைகள் மரபணுவின் ஒரு புறத்தில் மட்டுமின்றி இரு புறத்திலும் வேறுபட்டன. ஒரே குறுக்கேற்றத்தால் இதை விளக்கமுடியாது.

5. கணக்கு எந்தப் பக்கம்

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மனிதரில் ஒரு குறிப்பிட்ட காரம் ஒரு தலைமுறையில் மாறும் வாய்ப்பு சராசரியாகப் பத்துக் கோடிக்கு 1.2 அளவு. மாறினால் மூன்று காரங்களில் ஒன்றாக மாறலாம். நமக்கு வேண்டியது ஏ என்பது டி ஆகும் ஒரே மாற்றம். எனவே வாய்ப்பு ஏறக்குறைய 25 கோடிக்கு ஒன்று. இந்த வகை மாற்றம் மற்றவற்றைவிட அரிது என்பதால் உண்மை அளவு இன்னும் குறைவாகவே இருக்கும். பத்து லட்சம் மக்கள், அதாவது இருபது லட்சம் குரோமோசோம்கள் கொண்ட தொகையில், அதிகபட்சமாக 125 தலைமுறைக்கு ஒருமுறை இம்மாற்றம் தோன்றலாம். தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் சுமார் 3,000 ஆண்டு. தோன்றியவற்றில் பல, மலேரியாவிலிருந்து காப்பு தரும் நன்மை இருந்தும், தொடக்கத்திலேயே தற்செயலாக அழிந்துபோகும். ஆக, திரும்பத் தோன்றுவது அரிது. ஆனால் நடக்கவே முடியாததன்று.

மறுசேர்க்கையின் கணக்கு வேறு. அடுத்தடுத்த இரு காரங்களுக்கு நடுவே குறுக்கேற்றம் நிகழும் சராசரி வாய்ப்பும் ஏறக்குறைய பத்துக் கோடிக்கு ஒன்றுதான். ஒரு காரத்துக்கு என்று பார்த்தால் இரண்டு வேகங்களும் கிட்டத்தட்டச் சமம் என்பது வியப்புக்குரிய ஒற்றுமை. ஆனால் வரிசையைக் கலைக்கக் குறிப்பிட்ட ஒரே இடத்தில் குறுக்கேற்றம் நடக்கவேண்டியதில்லை. 60,000 காரத்துக்குள் எங்கு நடந்தாலும் போதும். அப்படியானால் 1,700 குன்றல் பிரிவுகளுக்கு ஒன்று. நமக்கு வேண்டிய சடுதி மாற்றத்தைவிட இது ஒன்றரை லட்சம் மடங்கு அளவில் அதிகம். அதிலும் இந்தக் குடும்பத்தின் டெல்டா, பீட்டா மரபணுக்களுக்கு நடுவே மறுசேர்க்கை குவியும் ஒரு பகுதி இருப்பதை 1984இலேயே அரவிந்த சக்கரவர்த்தி குழு காட்டியிருந்தது. அரிவாள் மரபணுவைச் சுமப்போரில் பெரும்பாலோரிடம் ஒரு படி நோயுற்றது, ஒரு படி இயல்பானது. அத்தகைய ஒவ்வொருவரின் குன்றல் பிரிவும் அண்டையை மாற்ற ஒரு வாய்ப்பு.

இரு புறமும் வேறுபடுவது பெரிய தடையும் ஆகாது. ஒரே குன்றல் பிரிவில் இவ்வளவு நெருக்கமாக இரண்டு குறுக்கேற்றங்கள் நிகழ்வது அநேகமாக இல்லை. ஆனால் நூற்றுக்கணக்கான தலைமுறைகளில் வெவ்வேறு காலத்தில் இரண்டு நிகழலாம். அல்லது மரபணு மாற்றீடு, நோய் மாற்றத்தைச் சுமந்த சிறு துண்டை மட்டும் தூக்கி வேறோர் அண்டைக்குள் வைத்துவிடலாம். ஃபிராங்க் லிவிங்ஸ்டன் 1989இலும், ஜொனாதன் ஃபிளிண்ட் குழு 1993இலும் இத்தகைய எச்சரிக்கைகளை எழுப்பினார்கள். பகுதிக்கொரு வரிசை ஆதிக்கம் செலுத்துவதையும் விளக்கலாம். ஒரு சிலர் புதிய நிலப்பகுதிக்குப் போகிறார்கள். அவர்களிடம் தற்செயலாக இருந்த ஒரு வரிசை, மலேரியாவின் அழுத்தத்தில் நோய் மாற்றத்தோடு சேர்ந்து வேகமாகப் பெருகுகிறது. ஐந்து தனித்தோற்றங்கள் என்று கொண்டாலும் இதே பெருக்கத்தை ஐந்து முறை அனுமானிக்கத்தானே வேண்டும்?

எச்சரிக்கைகள் எழுந்தும் ஐந்து மூலக் கருத்து ஏன் நிலைத்தது? மரபணுவின் அண்டையை அடையாள அட்டையாகக் கொள்ளும் பழக்கம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வரிசைகளுக்கு நாடுகளின் பெயரும் இனக்குழுக்களின் பெயரும் வைத்தாயிற்று. பெயர் வைத்தபின் அவை தனித்தனிப் பொருள்களாகவே தோன்றும். பத்து அளவிலான வெட்டிடங்களைக் கொண்டு எழுதிய வரைபடத்துக்கு அவ்வளவு உறுதி கிடையாது. மேலும், அண்டை வேறுபடுவது முதலில் சொல்வது மறுசேர்க்கையைப் பற்றியே. மறுசேர்க்கையால் விளக்கமுடியாமல் எஞ்சுவதைத்தான் புதிய சடுதி மாற்றத்துக்குக் கணக்கு வைக்கவேண்டும். அந்தக் கழித்தல் முழுமையாகச் செய்யப்படவில்லை.

6. 2018க்குப் பின்

அமெரிக்கத் தேசிய நல்வாழ்வு நிறுவனத்தின் டேனியல் ஷ்ரைனரும் சார்ல்ஸ் ரோட்டிமியும் 2018இல் கழித்தலைச் செய்ய முனைந்தார்கள். ஆப்பிரிக்கா, கத்தார் உட்படப் பல தரவுத் தொகுப்புகளிலிருந்து 2,932 பேரின் முழு மரபணுத்தொகுதி வரிசைகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 156 பேர் அரிவாள் மாற்றத்தைச் சுமந்தவர்கள். வெட்டிடங்களுக்குப் பதிலாக, மாற்றத்தைச் சுற்றியுள்ள கார வேறுபாடுகளையே நேராக வாசித்தார்கள். அவர்கள் முடிவு: ஒரே தோற்றம், சுமார் 7,300 ஆண்டுகளுக்கு முன், 259 தலைமுறைகளுக்கு அப்பால், சகாரா பசுமையாக இருந்த ஈரக் காலத்தில்.

ஒரே தோற்றம் என்ற பகுதி எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. காலக் கணிப்பு அவ்வளவு உறுதியானதன்று. 2019இல் கியோம் லவால் குழு, ஆப்பிரிக்க மழைக்காட்டு வேட்டைச் சமூகங்களையும் வேளாண் சமூகங்களையும் ஒப்பிட்டு, மாற்றத்தின் வயது சுமார் 22,000 ஆண்டு என்றது. மூன்று மடங்கு வேறுபாடு! ஒரு மாற்றத்தின் வயதை, அதன் அண்டை எவ்வளவு கலைந்திருக்கிறது என்பதைக் கொண்டே பெரும்பாலும் அளக்கிறார்கள். மறுசேர்க்கையே இங்கே கடிகாரம். அக்கடிகாரத்தின் வேகம் இடத்துக்கு இடம் மாறும். இயற்கைத் தேர்வின் வலு குறித்த அனுமானம் மாறினாலும் விடை மாறும்.

இன்னொரு குறை நமக்கு நெருக்கமானது. அத்தரவுத் தொகுப்புகளில் நீலகிரியின் பழங்குடியினர் இல்லை. இந்தியாவில் இந்நோய் மிகுந்த ஆதிவாசிச் சமூகங்களும் இல்லை. இந்திய வரிசை ஆப்பிரிக்க மூலத்தின் கிளைதான் என்பதை அங்கிருந்து திரட்டிய முழு வரிசைகளைக் கொண்டு சோதிக்காமல் முடிந்த கதையாகக் கொள்ளமுடியாது.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு சான்று வந்தது. ஹைஃபா பல்கலைக்கழகத்தின் டேனியல் மெலமெட், ஆதி லிவ்னத் குழு, விந்தணுக்களில் இந்தக் குறிப்பிட்ட கார இடத்தில் புதிதாக நேரும் மாற்றங்களை நேரடியாக எண்ணும் முறையை 2022இல் வெளியிட்டது. ஆப்பிரிக்கக் கொடையாளர்களின் பீட்டா குளோபின் மரபணுவில் அரிவாள் மாற்றம் ஒன்பது முறை தென்பட்டது. எதிர்பார்க்கும் சராசரியைவிட இது கணிசமாக அதிகம். கொடையாளர்கள் சிலரே, இதை வைத்து வரலாற்றை மாற்றி எழுதிவிடமுடியாது. ஆனால் மேலே நான் போட்ட 25 கோடிக்கு ஒன்று என்ற கணக்கு எல்லா இடத்துக்கும் ஒரே சராசரியைப் பொருத்துவது என்பதை அது நினைவூட்டுகிறது. சராசரிமேல் எழுப்பிய வாதத்துக்குச் சராசரியளவு உறுதிதான் உண்டு.

7. எல்லை மங்கும் இடங்கள்

இதுவரை, மறுசேர்க்கை கார வரிசையை மாற்றுவதில்லை என்ற அடிப்படையிலேயே பேசினோம். அது எப்போதும் உண்மையன்று. அதே பீட்டா குளோபின் குடும்பத்தில் லெப்போர் ஹீமோகுளோபின் என்றொரு வகை உண்டு. ஒன்றுக்கொன்று மிக ஒத்த டெல்டா, பீட்டா மரபணுக்கள் தவறாக வரிசை பொருந்தி நிற்க, குறுக்கேற்றம் மரபணுக்களின் நடுவிலேயே விழுந்து, முன்பாதி டெல்டாவும் பின்பாதி பீட்டாவுமாக ஒரு கலப்பு மரபணு உருவானது. பார் கண்ணில் நடந்த அதே நழுவல்தான். 16ஆம் குரோமோசோமில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஆல்ஃபா குளோபின் மரபணுக்கள் இப்படி நழுவும்போது 3,700 காரம் நீளத் துண்டு ஒன்று இழக்கப்படுகிறது. ஆல்ஃபா தலசீமியாவின் பரவலான வடிவம் இதுவே. இந்தியப் பழங்குடியினர் பலரிடம் இது மிகுதி; அரிவாள் செல் நோயோடு சேர்ந்து வரும்போது நோயின் போக்கையே மாற்றுகிறது. சிவப்பு–பச்சை நிறக்குருடும் பெரும்பாலும் எக்ஸ் குரோமோசோமில் அருகருகே உள்ள நிறமி மரபணுக்களின் இத்தகைய சமமற்ற குறுக்கேற்றத்தால் வருவது. மருத்துவ அறிக்கை இவற்றையெல்லாம் சடுதி மாற்றம் என்றே எழுதும். விளைவைப் பொறுத்தவரை அது தவறில்லை. நிகழ்வைப் பொறுத்தவரை இவை மறுசேர்க்கைகள்.

மறுதிசையிலும் கலப்பு உண்டு. ஈஸ்ட்டில் குன்றல் பிரிவின்போது சடுதி மாற்றங்கள் கூடுகின்றன என்று மாக்னியும் ஃபான் போர்ஸ்டெல்லும் 1962லேயே சொன்னார்கள். மனிதரில் அதை உறுதிசெய்தது 2019இல் ஐஸ்லாந்திலிருந்து வந்த ஆய்வு. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட குறுக்கேற்றங்களையும் இரண்டு லட்சம் புதிய சடுதி மாற்றங்களையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது, குறுக்கேற்றம் நடந்த இடத்திலிருந்து 1,000 காரத்துக்குள் சடுதி மாற்றங்கள் மிகுந்து கிடந்தன. வெட்டித் தைக்கும் வேலையே பிழைக்கு இடம் தருகிறது.

இதைக் கண்டு வேறுபாடே இல்லை என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள், அது அவசரம். வெட்டு விழுந்தபின் அதை மூட எதை மாதிரியாகக் கொள்வது என்பதில் வேறுபாடு அப்படியே நிற்கிறது. இணைக் குரோமோசோமின் சரியான இடத்தை மாதிரியாகக் கொண்டால் மறுசேர்க்கை. சற்று நழுவிய இடத்தை மாதிரியாகக் கொண்டால் லெப்போர். மாதிரியே இல்லாமல் முனைகளை ஒட்டினாலோ, படியெடுப்பதில் பிழை நேர்ந்தாலோ சடுதி மாற்றம்.

8. பெயரும் நோயாளியும்

இந்த விவாதம் ஆய்விதழ்களோடு நிற்பதில்லை. அரபு–இந்திய வரிசை கொண்டவர்களுக்கு நோய் மென்மையாக இருக்கும் என்ற கருத்து மருத்துவத்தில் பரவலாக உண்டு. அடிப்படையும் உண்டு: அந்த வரிசையில் காமா குளோபின் மரபணுவுக்கு முன்னால் உள்ள இன்னொரு கார மாற்றம், கருக்கால ஹீமோகுளோபினைப் பிறந்த பின்னும் உயர்த்தி வைக்கிறது. ஆனால் மென்மைக்குக் காரணம் அந்த மாற்றமும் அதைப் போன்றவையுமே. வரிசையின் பெயர் அன்று. கருக்கால ஹீமோகுளோபினைக் கட்டுப்படுத்தும் வேறு இடங்கள் 2ஆம், 6ஆம் குரோமோசோம்களில் இருக்கின்றன. அவை 11ஆம் குரோமோசோமின் வரிசைக்குச் சற்றும் கட்டுப்படாமல் குன்றல் பிரிவில் தனித்தே பிரிகின்றன. இந்திய நோயாளிகளிடையே கடுமையான நோயும் பதிவாகியிருப்பதில் வியப்பில்லை. 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்புத் திட்டம் ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. வரிசையின் பெயரைப் பார்த்து சிகிச்சையின் தீவிரத்தைத் தீர்மானித்துவிடும் அபாயம் இந்த அளவில் சிறியதன்று.

அதே 2023இன் இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த காஸ்கெவி என்ற மரபணு சிகிச்சை, வெட்டை மூடும் மாதிரியைப் பற்றி மேற்சொன்ன வேறுபாட்டை வேறொரு வழியில் பயன்படுத்துகிறது. நோயாளியின் எலும்பு மஜ்ஜைக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, 2ஆம் குரோமோசோமில் பிசிஎல்11ஏ மரபணுவின் ஓர் ஒழுங்குமுறைப் பகுதியில் டிஎன்ஏவை வெட்டுகிறார்கள். மாதிரி எதுவும் கொடுப்பதில்லை. செல் முனைகளை ஒட்டும்போது சில காரங்களைத் தொலைக்கிறது அல்லது கூட்டுகிறது. அந்தச் சடுதி மாற்றமே மருந்து. கருக்கால ஹீமோகுளோபின் மீண்டும் சுரக்கிறது. ஜிடிஜி கோடான் தொடப்படவேயில்லை. மாதிரி கொடுத்து அந்தக் கோடானையே திருத்துவது, அதாவது செல்லின் மறுசேர்க்கை வழியைக் கொண்டு திருத்துவது, இன்னொரு முறை. அதில் மாதிரியை ஏற்காமல் முனைகளை ஒட்டிவிடும் செல்களே இடர்ப்பாடு. இரண்டு முறையும் குருத்தணுவோடு நின்றுவிடுகின்றன. குணமானவரின் விந்தணுவிலோ கருமுட்டையிலோ பழைய கோடான் அப்படியே இருக்கிறது. அது குழந்தைக்குப் போகுமா, எந்த அண்டையோடு போகும் என்பது வழக்கம்போல் குன்றல் பிரிவின் வசம்.